பின் பலகை

கனூவில் முன்னால் உட்காருகிறவனுக்கு
நண்பனின் முகம் கிடையாது.
துடுப்பில் சொட்டும் தண்ணீர்,
மூக்கை உறிஞ்சும் சத்தம்,
முதுகுக்குப் பின்னால் ஒரு கனம்.
பத்தொன்பது செப்டம்பர்களாக
ரெஜானை நான் அறிந்தது இப்படித்தான்.

காகித ஆலையில் அவன் இரண்டாம் இயந்திரம்,
நான் நான்காவது.
அந்த இரைச்சலில் வாய் உதவாது,
கைச்சாடையில் பேசிக்கொண்டோம்.
ஒன்டாரியோவின் வடக்கே இந்த ஏரிகளில்
ஈ பறந்தாலும் கேட்கும்.
இங்கே பேசுவதில்லை.

டப்பா திறப்பானை இம்முறை மறந்தவன் நான்.
பீன்ஸ் டப்பாவைக் கோடாலியால் பிளந்தான்.
பாதி பாறைக்கு,
மீதியில் பாதி சாம்பலுக்கு.
"எறும்புக்காவது சம்பளம் வரட்டும்" என்றான்.
ஆலை மூடிப் பதினான்கு மாதம்.
சிரித்தோம்.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே
எழுநூறு அடி காட்டுத்தடம்.
படகைக் கவிழ்த்துத் தலையில் ஏற்றினால்
உலகம் கணுக்கால் உயரம்தான்:
பாசி, வேர், மூஸ் மானின் புழுக்கை,
மூட்டையோடு முன்னே போகும் அவன் பூட்ஸ்,
இடது குதிகாலில் பிய்ந்த தோல்.
புது பூட்ஸ் வாங்கவில்லையா என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை, நாணல் ஓரம்.
சிவப்பும் வெள்ளையுமான கரண்டித் தூண்டில்
ஏதோ கட்டையில் மாட்டிக்கொண்டது.
கட்டை நகர்ந்தது.

தடி வளைய, நூல் விம்ம,
நான் பல்லைக் கடித்திருந்த அந்த நேரம் பார்த்து
பின்னாலிருந்து சொன்னான்:
"வெய்க்கோ, அந்தப் பேரத்துக்கு
நானும் கை தூக்கினேன்."

ஏழு பேர் கமிட்டி.
நாலுக்கு மூன்று.
அந்த நாலில் ஒருவன் ஓஸ்டாப் என்று
நானாக முடிவு கட்டியிருந்தேன்.
அவன் மனைவியின் அடக்கத்துக்குப் போகவில்லை.
கடையில் எதிர்ப்பட்டால்
பால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கனூவில் சட்டென்று திரும்பினால் கவிழும்.
அது அவனுக்குத் தெரியும்.
என் இரண்டு கைகளையும் மீனுக்குக் கொடுத்திருந்தேன்,
அதுவும் தெரியும்.

நூலைச் சுற்றினேன். விட்டேன். சுற்றினேன்.
படகின் அருகே வந்தது பைக் மீன்,
வாத்து மூக்கு, பச்சை முதுகில் மஞ்சள் பொட்டுகள்,
யாரையும் மன்னிக்காத கண்.
"வலை" என்றேன்.
அந்த ஒரு சொல்தான் வந்தது.

அவன் இந்தப் பக்கம் சாய்ந்து வலையை நீட்ட
நான் அந்தப் பக்கம் சாய்ந்தேன்.
யோசிக்கவில்லை.
கோபம் இன்னும்
உடம்புக்கு வந்து சேரவில்லை.

ராத்திரி அவன் மீனை அரிந்தான்.
பைக்கின் முள் கவைக்கம்பு மாதிரி,
தொண்டையில் நின்றால் அவ்வளவுதான்.
ஒவ்வொரு துண்டிலும் விரலால் தடவி
முள்ளை எடுத்துவிட்டு என் தட்டில் வைத்தான்.
தின்றேன்.
மறுத்திருந்தால் ஓய்வூதியம் முழுக்கப் போயிருக்கும் என்று
அவன் சொல்லவில்லை.
சொன்னால் எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தேன்.
லூன் பறவை ஒன்று ஏரியின் அக்கரையில்
பைத்தியம்போல் சிரித்தது.
கூடாரத்தில் இரண்டு முதுகுகள்.

காலையில் துடுப்பெல்லாம் உறைபனி.
அவன் பாத்திரம் கழுவி வருவதற்குள்
பின் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.
பார்த்தான்.
ஒன்றும் பேசாமல் முன்னால் ஏறினான்.

அவனுடைய பிடரி.
மச்சம் ஒன்று.
கத்தரி தவறிய முடி. ஜினெட் போனபிறகு
அவனே வெட்டிக்கொள்கிறான் போல.
இவ்வளவு ஒல்லிக் கழுத்தா இவனுக்கு?

எனக்குத் திசை பிடிக்க வராது.
நேராகப் போக வேண்டிய படகு
ஏரியெல்லாம் கோலம் போட்டது.
"இடது" என்றுகூட அவன் சொல்லவில்லை,
வலிக்கிறான், வலிக்கிறான்.
ஊர் போனதும் ஓஸ்டாப் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.
தட்டி என்ன சொல்வது
என்று நான் நினைக்கும்போதெல்லாம்
மூக்கு கரைப் பக்கம் திரும்பிவிடுகிறது.