மூலப்படம்

விசுவமடுவில் கரண்ட் வந்து வந்து போகிற மத்தியானம்.
அல்பத்தில் நகத்தளவு முகம் நிற்கிறது.
அமத்தினால்,
'மூலக் கோப்பைக் காணவில்லை' என்கிறது கணினி.

திகதி வைக்காத கமரா.
எல்லாரும் தை ஒன்று, நள்ளிரவில் எடுபட்டவர்கள்.
டி டிரைவில் 'புதிசு', அதுக்குள்ளே 'புதிசு இரண்டு',
அதுக்குள்ளே பெயரில்லாத கோப்புறையில் கிடந்தது.

அடையாள அட்டைக்கென்று நான்தான் வெட்டினது.
வெட்டாததில்
தவரூபியின் தோளில் ஒரு கை,
சுருட்டிய சேட்டு, மணிக்கூடு.
முழங்கையோடு படமும் முடிகிறது.
ஆளைத் தேடிப் பக்கவாட்டில் இழுக்கிறேன்.

"காணும், விடுங்கோ."

எனக்குக் காணாது.
அவளின் பென்டிரைவில் ஒன்று,
ஹார்ட் டிஸ்கில் ஒன்று,
தம்பியோடு வவுனியா பஸ்ஸில் இன்னொன்று.
அனுப்ப முதல்
பெரிசாக்கி மணிக்கூட்டைப் பார்த்து
கோப்புக்குப் பெயர் வைத்தேன்:
பத்து இருபது.