ஊலேயின் நீளம்

ஹாப்ஸாலு பேருந்து நிலையத்தில் செய்தி வந்தது:
ஆறு புத்தகங்களையும் படமெடுக்கப் போகிறார்களாம்.
கையிலிருந்த காப்பி ஆறும் வரை
அதே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் ஆசைகள் பெரியவை அல்ல.
குதிரைக்கு ஒரு காது போதும்,
கணினியில் யாரும் இன்னொன்றை ஒட்டிவிட வேண்டாம்.
உப்பரசியின் பல் கோணலாகவே இருக்கட்டும்.
நாலாம் புத்தகத்தில்
ஒன்றுமே நடக்காத ஓர் அத்தியாயம் உண்டு.
மழை, சதுப்பு நிலம், அடுப்பில் உருளைக்கிழங்கு.
அது வேகும் வரை
பகைவர் இருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.
அதை வெட்டிவிடாதீர்கள், இயக்குநரே.
வேண்டுமானால் போர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.
மூன்றாவது போர் எனக்கும் பிடிக்காது.

பனிநாகத்தை எழுத்தில் எவரும் முழுதாய்ப் பார்த்ததில்லை.
சன்னல் கண்ணாடியில் அதன் மூச்சு படியும்,
அவ்வளவுதான்.
சமையலறையில் ஆவி கட்டும்போதெல்லாம்
நாற்பது வயதில் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

இதெல்லாம் போகட்டும்.
என் கவலை ஓர் உயிரெழுத்தைப் பற்றியது.

எங்கள் எஸ்தோனிய மொழியில்
குறில் உண்டு, நெடில் உண்டு,
நெடிலையும் தாண்டி இழுக்கும் அளபெடை உண்டு.
பின்னிரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவோம்.
நாக்குக்கு மட்டும் தெரியும் வித்தியாசம்.

கதாநாயகியை நான் ஊலே என்பேன்.
ஹெல்வே, ஊஉலே என்பாள்,
கரையை விட்டு நகரும் படகு சங்கு ஊதுவதுபோல.
பன்னிரண்டு வயதில் தொடங்கிய சண்டை.
ஒரு கோடை முழுக்கப் பேசாமலிருந்தோம்.
அவள் கல்யாண விருந்தில் வாழ்த்திப் பேசும்போது
வேண்டுமென்றே நெடிலோடு நிறுத்தினேன்.
மணப்பெண் எழுந்து நின்று அளபெடுத்தாள்.
எழுதியவரையே ஒருமுறை பிடித்துக் கேட்டோம்.
சிரித்துக்கொண்டே
இருவர் பிரதியிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இனி யாரோ ஒரு நடிகன் வாய் திறப்பான்.
மூடுபனிக்குள் அவளைக் கூப்பிடுவான்.
இருபத்தெட்டு ஆண்டு வழக்கு
அரை நொடியில் தீர்ந்துபோகும்.

தோற்றால் தாங்கிக்கொள்வேன்.
ஜெயித்தால்?
அப்புறம் எதைச் சாக்கிட்டு ஹெல்வேயை அழைப்பது,
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்
நவம்பர் நாளொன்றில்?

முன்னோட்டம் வெளியான இரவு
கடைசிப் படகில் தீவுக்குப் போனேன்.
துறையில் நின்றிருந்தாள்,
ஒரு கையில் மட்டும் உறை,
மறு கையில் கைப்பேசி.
இன்னும் திறக்கவில்லை.

"முதல் தடவை
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்போமா?"
என்றாள்.