அரை மதிப்பெண்

மூன்றாம் நாள், காலை ஒன்பதரை.
தௌகவ்பில்ஸில் ஒரு விடுதிக் கூடம்.
லாட்வியாவின் கிழக்கு மூலையிலிருந்து
பதினேழு ஊராட்சிகள், பதினேழு பேர்.
கழுத்து அட்டையில் பெயருக்குக் கீழே
எல்லோருக்கும் ஒரே பதவி:
வளர்ச்சி அலுவலர்.
என்ன வளர்கிறது என்று
யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் டோனாத்ஸ்.
ஸில்முய்ஷா பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டு
விளையாட்டு ஆசிரியன்.
பிள்ளைகள் குறைந்து பள்ளியைப் பூட்டியபோது
விசிலை வாங்கிக்கொண்டு
ஒரு கணினி கொடுத்தார்கள்.

பாடம் எடுக்கும் ஸ்கைத்ராவுக்கு
என் பழைய மாணவிகளின் வயதுதான்.
"ஒரு வாளி வரையுங்கள். அதுதான் உங்கள் ஊர்.
பணம் எங்கிருந்து விழுகிறது,
எந்த ஓட்டையில் ஒழுகுகிறது,
அம்புக்குறி போடுங்கள்" என்றாள்.

மேலே மூன்று அம்புகள்.
ரிகாவிலிருந்து ஓய்வூதியம்.
அயர்லாந்துக் காளான் பண்ணையிலிருந்து
வித்தால்ஸின் மகன் அனுப்புவது.
ஆகஸ்டில் காட்டு பெர்ரி வாங்க வரும்
லாரிக்காரனின் ரொக்கம்.

கீழே எண்ண முடியவில்லை.
பெட்ரோல் நிலையம், மருந்துக் கடை,
பெருங்கடையின் மஞ்சள் பலகை.
மரமாய்ப் போய்
மூட்டையில் துகளாய்த் திரும்பி வந்து
எங்கள் காட்டை எங்களுக்கே விற்கிற விறகு.
வரைய வரைய
வாளிக்கு அடிப்பாகமே இல்லாமல் போயிற்று.

பக்கத்து இருக்கை கெனோவெபா எட்டிப் பார்த்தாள்:
"இது வாளி இல்லை, சல்லடை."
"நல்லதாய்ப் போயிற்று, மாவு சலிக்கலாம்" என்றேன்.

ஸ்கைத்ரா சிரிக்கவில்லை.
"மாவா? யாருடைய மாவு?"

மோனிகாவின் ரொட்டிக்கடை,
இரண்டு அடுப்பு,
ஒன்று எரிந்து நான்கு ஆண்டாகிறது.
முதியோர் இல்லத்துக்கும் மழலையர் பள்ளிக்கும்
ரொட்டி வருவதோ
நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி,
உறைந்து, கல்லாய்.
ஏனென்றால் டெண்டர் ஒன்றே ஒன்று:
ரொட்டி, பால், இறைச்சி, உருளைக்கிழங்கு,
தரை துடைக்கும் சோப்பு.
மோனிகாவுக்கு ரொட்டி சுடத் தெரியும்.
சோப்புக்கு அவள் எங்கே போவாள்?

அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தது
நான்.
ஆண்டுதோறும், பழைய கோப்பைத் திறந்து,
தேதியை மட்டும் மாற்றி.

"ஐந்தாகப் பிரிக்கலாமே" என்றாள் ஸ்கைத்ரா.
"சட்டம் தடுக்கவில்லை."
பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.
என் காது சுட்டது.
இருபத்திரண்டு ஆண்டு
பனியிலும் சேற்றிலும் நின்று
ஐந்து அணியாகப் பிரியுங்கள் என்று கத்தியவனுக்கு
ஒரு பட்டியலைப் பிரிக்கத் தோன்றவில்லை.

இடைவேளையில் தேநீருடன் பன் தந்தார்கள்.
நடுவில் இன்னும் பனிக்கட்டி.
எங்கிருந்து வந்தது என்று
நான் கேட்கவில்லை.

கடைசி நாள் தேர்வு, கேள்வி ஒன்பது:
உங்கள் ஊரிடம் இருந்து
பிற ஊர்களிடம் இல்லாதது எது?
அரை மணி யோசித்து எழுதினேன்: அமைதி.
அரை மதிப்பெண்.
ஓரத்தில் சிவப்பு மையில்:
"யார் வாங்குவார்கள்? என்ன விலைக்கு?"

திரும்பும் பேருந்து ரேஸெக்னேயில் நின்றது.
பெட்ரோல் நிலையத்தில் காபி வாங்கினேன்,
இரண்டு யூரோ நாற்பது.
குடித்து முடித்த பிறகுதான்
வாளி ஞாபகம் வந்தது.

மோனிகாவைக் கூப்பிட்டேன்.
"செவ்வாயும் வெள்ளியும்
எண்பது ரொட்டி முடியுமா?"
அந்தப் பக்கம் அமைதி.
எங்கள் ஊர்ச் சரக்கு, அசல்.
இருட்டில் பிர்ச் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு சொன்னாள்:
"இரண்டாவது அடுப்பின் கதவு தொங்குகிறது.
கீல் மாற்ற வேண்டும்.
நூற்று நாற்பது கேட்கிறான்."

எழுதிக்கொள்ளக் காகிதம் தேடினேன்.
பையில் இருந்தது சான்றிதழ் மட்டும்,
தடித்த தாள், பொன் ஓரம்.
திருப்பிப் போட்டு எழுதினேன்:
கீல். 140.