ஆம்பர் வரும் இடங்கள்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
அந்த மொழியின் பெயரை மாற்றிவிட்டார்கள்.
எங்கோ ஒரு வக்கீல்,
அதே பெயரில் பெயின்ட் விற்கும் ஒரு கம்பெனி.
இனி அது ஆம்பர் இல்லை, லூமென்.
இலக்கணம் அதே. அரைப்புள்ளிகள் அதே.
பிழைகளும் அதே பிழைகள்தான்.

ஆவணங்கள் என் பொறுப்பு.
தேடினேன்: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு இடங்கள்.
உம்லாங்கா அலுவலகத்தின் ஆறாம் மாடி, ஏசி ஓடவில்லை.
லோட் ஷெட்டிங் அட்டவணையை
நொக்வாண்டா உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.
"ஒரே கட்டளை" என்றான் கோகிலன்,
"தேடு, மாற்று, வீட்டுக்குப் போ."

அழுத்தினேன்.

ஆங்கில எழுத்தில் 'சேம்பர்' என்ற சொல்லின் வயிற்றிலும்
ஆம்பர் சுருண்டு கிடப்பது நினைவில்லை எனக்கு.
வணிகர் சேம்பர் வணிகர் சேலூமென் ஆனது.
நன்றிப் பட்டியலில்
கிம்பர்லியிலிருந்து ஒரே ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பிய
டெஸ்மண்ட் சேம்பர்ஸ் என்கிற மனிதர்
டெஸ்மண்ட் சேலூமென்ஸ் ஆகிவிட்டார்.
அவரை யாரும் கேட்கவில்லை.
கப்பலில் வந்த என் கொள்ளுப்பாட்டனையும் அப்படித்தான்…
வேண்டாம், அந்தக் கதை
இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

எல்லாவற்றையும் பழையபடி திருப்பினேன்.
பிறகு ஒவ்வொன்றாக.

முகப்பில் மாற்றலாம், நிறுவும் முறையில் மாற்றலாம்.
"ஆம்பர்: கோப்பு கிடைக்கவில்லை" என்கிற பிழைச்செய்தியை?
பழைய பதிப்பை இன்னும் ஓட்டும் எவளோ ஒருத்தி
ரிச்சர்ட்ஸ் பே துறைமுகக் கிடங்கில்
இரவு இரண்டு மணிக்கு
இந்த வரியைத்தான் எழுத்துக்கு எழுத்து தேடுவாள்.
அங்கே போய் லூமென் என்று திருத்தினால்
அவளுக்கு நான் விளக்கை அணைத்தவள்.
விட்டுவைத்தேன்.

வரலாறு என்று ஒரு பக்கம்.
முதல் பதிப்பு வெளியான அன்று
லூமென் என்று ஒன்று இல்லவே இல்லை.
அன்று நடந்ததை இன்றைய பெயரில் எழுதினால் பொய்.
அன்றைய பெயரில் எழுதினால் வக்கீல்.
கோப்புகளின் வாலில் வேறு
ஆம்பரின் முதல் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது,
வெட்டினால் எதுவும் திறக்காது.

ஐந்து மணிக்கு முனிசிபாலிட்டியின் குறுஞ்செய்தி:
திருமதி ஆர். சிகாமணி, உங்கள் தண்ணீர்க் கட்டணம்.
சிகாமணி போய் நாலு வருஷம் ஆகிறது
(செத்துப் போகவில்லை, பினோனிக்குப் போனார்).
லைசென்சில் மாற்றிவிட்டேன், பேங்கில், பாஸ்போர்ட்டில்.
மகளின் பள்ளியில் கைவைக்கவில்லை,
அவளுக்கு அது புதுப்பெயரும் இல்லை, பழைய பெயரும் இல்லை.
தண்ணீர் மட்டும்
இன்னும் அந்தப் பெயருக்கே வருகிறது.
நான் குடிக்கிறேன், நான் கட்டுகிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றேன்.
புதுத் தெருப்பலகைக்குக் கீழே பழைய பலகை,
பெயரின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
கோட்டுக்கு அடியில் நன்றாகவே படிக்க முடிந்தது.
பின்னால் வந்த மினிபஸ் டாக்சியில்
அடித்த பெயரைச் சொல்லித்தான் ஆள் ஏற்றினார்கள்.
அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது என்பார்கள் பரீட்சையில்;
இந்த ஊர் அப்படித் தேறியிருக்காது.

ராத்திரி கரண்ட் போனபோது
இன்னும் நாற்பத்தொரு இடங்கள், முப்பது சதவீதம் பேட்டரி.
நொக்வாண்டா கேட்டிருந்தாள்:
"'முன்பு ஆம்பர் எனப்பட்டது' என்ற வரியை
எப்போது எடுப்போம்? தேதி போடச் சொல்கிறார்கள்."
தேதிக்கட்டம் வெறுமையை ஏற்கவில்லை, சிவந்தது.
அடுத்த வருஷம் என்று போட்டேன்.
அடுத்த வருஷம் யாராவது அதற்கு அடுத்த வருஷம் என்று போடுவார்கள்.

மூடுவதற்கு முன்
நன்றிப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்தேன்.
டெஸ்மண்ட் சேம்பர்ஸ் இருந்தார்.
அவர் வைத்த காற்புள்ளியும்.