கிடாரத்தின் அடியில்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்குக்
கல்முனைக் கடைத்தெருவில் பாதி கண்ணை மூடும்.
ஷட்டர் இழுப்பவர்கள் இழுக்கிறார்கள்.
பாவா அலுமினியம் றிஸ்லி மட்டும்
நீலப் பிளாஸ்டிக் கதிரையொன்றை
வாசலுக்குக் குறுக்கே போட்டு
"ஒருக்காப் பாத்துக்கங்க வதனாக்கா" என்று
சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்தபடி நடக்கிறான்.
அவ்வளவுதான் பூட்டு.
அதிலும் ஒரு கால் ஆடும்.

என் கடை பத்தடி அகலம்.
நூல், ஊசி, சிப், கொளுக்கி,
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு நாலு துளைப் பொத்தான்,
அபாயா ஓரத்துக்குக் கல் பதித்த லேஸ்,
அம்மன் சேலைக்குச் சரிகைக் கரை.
இரண்டும் புறக்கோட்டையிலிருந்து ஒரே பெட்டியில்தான் வருகின்றன.
எது எங்கே போகுமென்று பெட்டிக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். விலையும் வேறு.

சாய்ந்தமருது காரைதீவு நிந்தவூர் என்று
ஒரே மூச்சில் ஊர்களைக் கோர்த்தபடி
அக்கரைப்பற்று பஸ் போகிறது.
இந்தப் பட்டினத்தை எந்த ஒழுங்கையோடு பிரிப்பதென்று
கூட்டம் கூட்டமாய்ப் பேசுகிறார்கள்.
அளவுகோல் என்னிடம் இருக்கிறது.
யாரும் கேட்டு வரவில்லை.

அன்றைக்குக் கனகசூரியம் வந்தார்,
கோயில் பரிபாலன சபைப் பொருளாளர்.
குளிர்த்திக்கு அமுது சமைக்கப்
பெரிய கிடாரம் வேணுமாம்.
ஓட்டோ நிற்கிறது, மீற்றர் ஓடுகிறது.
"கடைக்காரன் எங்க?"
"தொழுகையில."
"அப்ப நீங்க சொல்லுங்க விலைய."

கதிரையைத் தள்ளினேன்.
கிடாரத்தைக் கவிழ்த்தேன்.
அடியில் மார்க்கரால் எழுதிய ஐந்து எழுத்து.
வாங்கின விலை அது. அவன் வாப்பா காலத்து இரகசியம்:
பத்தெழுத்தில் ஒரு சொல்,
எழுத்துக்கு ஓர் இலக்கம்.
தகப்பனுக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்தது.

மறுகா, எனக்கும்.
பதினொரு வருசம் பக்கத்துக் கடை.
காற்று அள்ளிவந்து போட்ட ஒரு பில்,
இடியப்பத் தட்டுக்குப் பேரம் முறிகிற இடம்,
வியாபாரம் மந்தமான மத்தியானங்கள்.
சும்மா இருக்கிற மூளை எதையாவது பிரித்துக்கொண்டிருக்கும்.
ஒன்பது எழுத்து அப்படிப் பிடிபட்டது.

பத்தாவது அந்த ஏப்ரலுக்குப் பிறகு.
என் கடைக்கு வந்தவர்கள்
அவன் வாசலைக் கடக்கையில் ரோட்டைப் பார்த்து நடந்த மாதம்.
வாங்கின விலைக்கே கொடுத்தான், சில்லறை கூட ஏற்றாமல்.
எழுத்தும் காசும் நேருக்கு நேர்.
அந்த மாதத்து வெள்ளிகளில்
கதிரை போடவில்லை அவன்.
ஷட்டரை இழுத்துப் பெரிய பூட்டுப் போட்டான்.
ஏனென்று நானும் கேட்கவில்லை.

அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை.

முப்பத்தோராயிரத்து ஐந்நூறு என்றேன்.
பொருளாளர் இருபத்தெட்டில் தொடங்கினார்,
அம்மன் காரியம் என்றார்,
வருசா வருசம் வருவோம் என்றார்.
எதுவரை இறங்கலாமென்று
கிடாரத்தின் அடி சொல்லிக்கொண்டிருந்தது.
முப்பத்தோராயிரத்தில் நின்றேன்.
மூடிக்கு வேறாக வாங்கினேன்.

றிஸ்லி வந்து சல்லியை எண்ணினான்.
இரண்டாந்தரமும் எண்ணினான்.
கிடாரம் இருந்த இடத்தில்
தூசி படாத வட்டத்தைப் பார்த்தான்.
பிறகு என்னை.
"ஆரும் விலை சொல்லித் தந்தாங்களா அக்கா?"
"இல்ல."
"ம்."
பிளேன்ரீ இரண்டுக்குச் சொன்னான்,
ஒன்றுக்குச் சீனி குறைய.

ஒரு கிழமை நித்திரை சரியில்லை.
சொல்லை மாற்றியிருப்பான்.
நானாயிருந்தால் அன்றிரவே மாற்றியிருப்பேன்.

வெள்ளி, பன்னிரண்டே கால்.
கதிரை வந்தது.
"பாத்துக்கங்க."
லொறியில் இறங்கிய புதுக் கிடாரம்
அதே வட்டத்தில் குந்தியிருந்தது.
கவிழ்க்கக் கூடாதென்றுதான் இருந்தேன்.
ஒரு பிள்ளை வந்து கறுப்பு நூல் கேட்டது, கொடுத்தேன்.
மிச்சம் கொடுத்தேன்.
பிறகு போய்க் கவிழ்த்தேன்.

அதே சொல்லின் எழுத்துகள்.
இந்தமுறை கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தான்.