எடைமேடை எண் 2

கோர் ஹஜரின் வரலாற்றை
யாரும் எழுதி வைக்கவில்லை.
எடைச்சீட்டுகள் இருக்கின்றன,
பழைய கன்டெய்னருக்குள், பால்பவுடர் அட்டைப்பெட்டிகளில்.
ஒவ்வொரு சீட்டிலும் மூன்று எண்கள்:
வண்டி சுமையோடு,
வண்டி காலியாக,
இரண்டையும் கழித்தால் மலை.

பதினோரு வருஷமாகக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து
மலையைக் கடலுக்கு அனுப்புகிறேன்.
கடலில் யாரோ தீவு கட்டுகிறார்கள்.
அங்கே வீடு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.
அவர் படுக்கையறைக்கு அடியில் கிடப்பது
ஒரு வெள்ளிக்கிழமை, இரவு இரண்டேகாலுக்குப் போன
நாற்பத்திரண்டு டன் அறுநூறு கிலோவாக இருக்கலாம்.

முதல் பெட்டியில் எல்லாம் கையெழுத்து, ஊதா மை.
அப்போது லாரி இல்லை, ரோடும் இல்லை.
குவாரியிலிருந்து துறைவரை
ஒன்பது கிலோமீட்டர் குட்டி ரயில்,
டீசல் எஞ்சின் ஒன்று, தொட்டிவண்டி பதினான்கு.
துறையில் மரக்கலங்கள்
கல்லை வாங்கிக்கொண்டு தாழ்ந்து நின்றிருக்கும்.
சீட்டின் அடியில், தமிழில்: ப. இன்னாசி.
எந்த ஊர் இன்னாசியோ. மணப்பாடோ, முட்டமோ.
'ப'வின் வளைவில் கொஞ்சம் கர்வம்.
மூன்று வருஷம் ஓடுகிறது அந்தக் கை.
பிறகு ஒரு திங்கட்கிழமை
வேறொருவரின் சாய்ந்த உருது.
அதே எஞ்சின், அதே பதினான்கு தொட்டி.
முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன்.
காரணம் எழுத
அந்தச் சீட்டில் கட்டம் இல்லை.

ஏழாம் பெட்டியில் லாரிகள் வருகின்றன.
எட்டாவதில் ரயில் நிற்கிறது;
நின்றது என்று யாரும் எழுதவில்லை,
நாளுக்கு ஆறு சீட்டு, நான்கு, ஒன்று,
அப்புறம் வெறும் தேதி.

போன வாரம் அந்த எஞ்சினே வந்தது.
குல் ஜரீனின் டிரெய்லர்மேல்,
சங்கிலியால் நான்கு பக்கமும் கட்டி,
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆளைப்போல
வானம் பார்த்து.
கம்ப்யூட்டர் கேட்டது: பொருள்?
கருங்கல், ஜல்லி, மணல், சுண்ணாம்புக்கல், இரும்புக் கழிவு.
எஞ்சின் என்று பட்டியலில் இல்லை.
பொறியாளர் கல்ஃபான் போனில் சொன்னார்:
"கழிவு போடு, கழிவு."

வாழ்நாள் முழுக்க அது காலி எடை.
இழுத்ததெல்லாம் கணக்கில் ஏற
தான் மட்டும் கழிபட்டது.
இன்றுதான் முதல்முறை
நிகர எடைக் கட்டத்தில் அதன் பெயர்,
அதுவும் வேறு பெயரில்.

நான் வெளியே போனேன்.
போகக் கூடாது, விதி உண்டு.
டிரைவர் நிற்கும் தகட்டில்
இடதுபக்கம் மட்டும் குழி விழுந்திருந்தது,
யாரோ ஒருவர் வருஷக்கணக்காக
ஒரே காலில் சாய்ந்து நின்ற குழி.
கைவைத்தேன். சுட்டது. ஜூலை.

"குல், இறங்கு, உன் எடையும் சேருது."
"சேரட்டும். சேட் எனக்கும் காசு கொடுக்கட்டும்."
சிரித்துக்கொண்டிருந்தபோதே
உள்ளே தில் பகதூர், வேலைக்கு வந்து நான்காம் நாள்,
திரையில் பச்சை விளக்கைப் பார்த்துப்
பொத்தானை அமுக்கிவிட்டான்.
சீட்டு வந்துவிட்டது.
ஏழு டன் நானூற்று நாற்பது.
குல் ஜரீன் ஒரு தொண்ணூறு இருப்பான்.
என் எடை எனக்குத் தெரியும், அறுபத்தெட்டு.

ரத்து செய்தால் மூன்று கையெழுத்து வேண்டும்.
செய்யவில்லை.
அடியில் என் பெயரைத் தமிழில் போட்டேன்,
'ப' இல்லை என் தலையெழுத்தில்; 'சு'வைக் கொஞ்சம் வளைத்தேன்.

அடுத்த மாதம் பெல்ட் ஓடத் தொடங்கும்,
மலையிலிருந்து கப்பல்வரை ஒரே ரப்பர்.
அது தானே எடை போட்டுக்கொள்ளுமாம்.
பெல்ட்டுக்குக் காலி எடை கிடையாது,
திரும்பி வருவதே இல்லை என்பதால் அல்ல,
எந்நேரமும் திரும்பிக்கொண்டே இருப்பதால்.

குல் ஜரீன் ஹாரன் அடிக்கிறான்.
துறைமுகம் பத்து மணிக்குக் கதவடைக்கும்.
சீட்டை ஜன்னல் வழியே நீட்டுகிறேன்.
மேடை சற்றே மேலெழுகிறது.
திரையில் பூஜ்யம் வர
வழக்கமாக நான்கு விநாடி.