மெத்தென்ற நாள்

பின்சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும்.
முன்சீட்டில் உட்கார்ந்தால் பேச வேண்டும்.
மோனஹன் சாலையின் அத்தனை வளைவுகளையும் எடைபோட்டுப் பார்த்து
பேச்சையே தேர்ந்தெடுத்தேன்.

காலை ஐந்தரைக்கு வேன்.
ஓட்டுபவர் மாலக்கி, அறுபது இருக்கும்.
என் பெயரில் ஸோர் வரைக்கும் வருவார்,
னிட்ஸாவை வாசலிலேயே விட்டுவிடுவார்.
பின்னால் ஏழு பெண்கள், தூக்கம்.

முதல் நாள் இரவே ஒரு வாக்கியத்தை ஊறப்போடுவேன்.
'நேற்றைவிட இன்று மழை குறைவு.'
காலையில் சரியான பதத்துக்கு வந்திருக்கும்.
சில நாள் மழை கூடியிருக்கும்.
அப்போதும் அதைத்தான் சொல்வேன்,
வேறு கைவசம் இல்லை.
அவர் வைப்பரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்,
'அப்படியும் சொல்லலாம்' என்பார்.

தூறல் நாள் முழுக்க நசநசத்தால்
இங்கே அதற்கு மெத்தென்ற நாள் என்று பெயர்.
'மெத்தென்ற நாள், ஸோர்.'
நான் ஆமாம் என்று தலையை இடவலமாக ஆட்டுவேன்.
எங்கள் ஊரில் அதுதான் ஆமாம்.
இல்லை என்றால் மேலும் கீழும்.
வாயை மாற்றிக்கொண்டுவிட்டேன்,
கழுத்து இன்னும் பல்கேரியாவில் இருக்கிறது.
மூன்று மாதம் அவர் நினைத்தாராம்
இந்தப் பெண் எந்த மழையையும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று.

இத்தனைக்கும் நாங்கள் போகிற இடத்தில் வானிலையே கிடையாது.
காளான் கொட்டகை.
ஜனவரிக்கும் ஜூலைக்கும் அதே பதினெட்டு டிகிரி.
அடுக்கடுக்காய் வெள்ளைத் தலைகள்,
ஒன்றும் ஆமாம் சொல்லாது, இல்லை சொல்லாது.
அங்கே என் கை வேகம். மணிக்கு முப்பது கிலோ.
ஆங்கிலம் மணிக்கு நாலு வாக்கியம்.

பிப்ரவரியில் ஒரு காலை நான் வாய் திறக்குமுன்
அவரே பேசினார், சாலையைப் பார்த்தபடி.
எனக்குச் சிக்கியவை:
ஜெஸ். பதினாலு வயது. நேற்று. தூங்க வைத்துவிட்டோம்.
பேத்தி என்று நினைத்து
பதினாலை நாலு என்று நானே திருத்திக்கொண்டேன்.
'நல்லது' என்றேன். 'தூக்கம் மிக நல்லது.'
இன்னும் இரண்டு சொல் கையில் இருந்ததால்
'உங்களுக்கும் வேண்டும்.'

பதினோரு மைல் வேன் பேசாமல் ஓடியது.
வைப்பர் மட்டும் இடவலம், இடவலம்,
எங்கள் ஊர் ஆமாம்.

இடைவேளையில் இல்ஸேதான் சொன்னாள், லாட்வியாக்காரி,
கையுறையைக் கழற்றாமலே
ஊசி போடுவதுபோல் காட்டி: நாய்.
அன்று நான் எடுத்த காளானில் பாதிக்கு
காம்பு ஒழுங்காக வெட்டவில்லை என்று
மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார்.

இரவு அகராதியில் தேடினேன்.
ஆழ்ந்த அனுதாபம் கோட்டு போட்டு நிற்கிற சொல்,
வேனுக்குள் நுழையாது.
வருந்துகிறேன் என்பதை
சூப்பர்மார்க்கெட்டில் கால் மிதித்ததற்கெல்லாம்
செலவழித்துத் தீர்த்திருந்தேன்.
ஊறப்போட ஒன்றும் இல்லாமல் படுத்தேன்.

காலையில் அவர் 'மெத்தென்ற நாள்' என்றார்,
நேற்று என்று ஒன்று நடக்காததுபோல்.

'ஜெஸ் என்ன நிறம்?' என்று கேட்டேன்.

பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்து வாக்கியம்,
பந்து என்ன நிறம், பூனை என்ன நிறம்.

வண்டி சற்று மெதுவானது.
கறுப்பு என்றார். மார்பில் வெள்ளை. ஒரு காது மட்டும்...
அதற்கப்புறம் வேகம் பிடித்துவிட்டது,
வண்டி இல்லை, அவர்.
ஆடுகள், ஏதோ ஒரு வேலி, ஒரு பாதிரியாரின் செருப்பு,
பத்தில் மூன்று சொல் என்னிடம் வந்து சேர்ந்தது.
இடம் தெரியாமல் சிரித்தேன்.
தலையை இரண்டு திசையிலும் ஆட்டிவைத்தேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

கொட்டகை வாசலில் எல்லோரும் இறங்கியபின்
கைப்பிரேக்கை இழுத்துவிட்டு 'இப்போ' என்றார்.
அவ்வளவுதான்.
இந்த ஊரில் தேநீரை மேசையில் வைத்தாலும்
சவப்பெட்டியைக் குழியில் இறக்கினாலும்
'இப்போ' என்கிறார்கள்.
அகராதியில் பார்த்தால் மணி சம்பந்தமாக ஏதோ போட்டிருக்கிறது.

'இப்போ' என்றேன் நானும்.
கதவு ஒரே தடவையில் சாத்தவில்லை.
இரண்டாம் முறை
உள்ளிருந்து அவரும் இழுத்தார்.